கடிதம் எழுத வைத்து ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பது எப்படி?

கேள்வி: அரசுப் பள்ளி, எட்டாம் வகுப்பு, 40 பிள்ளைகள். லெட்டர் ரைட்டிங் என்றாலே கைடில் இருப்பதை மனப்பாடம் செய்து அப்படியே இறக்கிவிடுகிறார்கள். சொந்தமாக நாலு வரி வரமாட்டேன் என்கிறது. கடிதத்தை வைத்து உண்மையிலேயே ஆங்கிலம் கற்றுத்தர முடியுமா?

பதில்:

முடியும். ஆனால் பிள்ளைகள் ஏன் மனப்பாடம் செய்கிறார்கள் என்பதை முதலில் பார்க்க வேண்டும். பரீட்சையில் தலைமையாசிரியருக்கு எழுதும் விடுப்புக் கடிதம் தலைமையாசிரியரிடம் போவதில்லை. மாமாவுக்கு எழுதும் நன்றிக் கடிதம் எந்த மாமாவுக்கும் போவதில்லை. எல்லாம் விடைத்தாள் திருத்துகிறவரிடம் போய் முடிகின்றன. படிக்க ஆளில்லாத கடிதத்துக்குக் கைடே போதும் என்று பிள்ளை முடிவு செய்வது ஒருவகையில் புத்திசாலித்தனம்தான். காய்ச்சலுக்குப் படித்த 'ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம்' என்பதை அக்கா கல்யாணத்துக்கும் போட்டு, 'சஃபரிங் ஃப்ரம் மை சிஸ்டர்ஸ் மேரேஜ்' என்று எழுதிய பழைய ஜோக் எல்லா ஸ்டாஃப் ரூமிலும் உண்டு. சிரிப்பை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், அந்தப் பிள்ளைக்கு வாக்கியம் ஒரே கட்டியாக மட்டுமே தெரியும், அதைப் பிரித்து ஒரு சொல்லை மாற்றத் தெரியாது என்பது விளங்கும்.

அதனால் பாடக்குறிப்பு எழுதும் முன் ஓர் ஆளைத் தேடுங்கள். அந்த ஆள் இரண்டு நிபந்தனைகளுக்கு ஒத்துவர வேண்டும்: பதில் எழுத வேண்டும்; தமிழ் தெரியாதவராக இருக்க வேண்டும். இரண்டாவதைப் பலரும் கவனிப்பதில்லை. பக்கத்து ஊர்ப் பள்ளிப் பிள்ளைகளோடு ஆங்கிலத்தில் கடிதம் மாற்றிக்கொள்ளச் சொன்னால், ரெண்டு பேரும் தமிழ் பேசுகிறவர்கள், எதற்கு இந்த நாடகம் என்று பிள்ளைக்கே தோன்றும். தெருவிளக்கு எரியவில்லை என்று பஞ்சாயத்துத் தலைவருக்கு ஆங்கிலத்தில் மனு எழுதச் சொல்வதும் அப்படித்தான். அந்த மனுவைத் தமிழில் எழுதினால்தான் வேலை நடக்கும்.

கேரளத்திலோ ஆந்திரத்திலோ ஒடிசாவிலோ உள்ள ஓர் அரசுப் பள்ளியின் எட்டாம் வகுப்பு என்றால் கதை வேறு. அவர்களுக்குத் தமிழ் தெரியாது, நம் பிள்ளைகளுக்கு மலையாளமோ ஒடியாவோ தெரியாது. நடுவில் மிச்சமிருக்கும் ஒரே பாலம் இரண்டு பக்கமும் அரைகுறையாகத் தெரிந்த ஆங்கிலம். அந்த அரைகுறைதான் இதில் பலம். எதிரில் இருப்பவனும் தடுமாறுகிறான் என்று தெரிந்தால் கூச்சம் போய்விடும். மாநிலங்களை ஜோடி சேர்த்துப் பழகவைக்கும் மத்திய அரசின் 'ஏக் பாரத் ஷ்ரேஷ்ட பாரத்' திட்டத்தில் தமிழ்நாட்டுக்கு இணையாக வைக்கப்பட்டிருப்பது ஜம்மு காஷ்மீர். அந்த வழியாகவும் பள்ளி தேடலாம். பயிற்சி முகாம்களில் பழக்கமான வெளிமாநில ஆசிரியர் ஒருவர் இருந்தால் அதுவே நேர்வழி. இரண்டு தலைமையாசிரியர்களின் எழுத்து ஒப்புதலும் பெற்றோர் சம்மதமும் முதலிலேயே வாங்கிவிடுங்கள்.

ஆள் கிடைக்க ஒரு மாதம் ஆகலாம். அதுவரை சும்மா இருக்க வேண்டாம். ஆளுக்கொரு 40 பக்க நோட்டு கொடுத்து, பிள்ளைக்கும் உங்களுக்கும் இடையே கடிதப் போக்குவரத்தை ஆரம்பியுங்கள். உங்களுக்குத் தமிழ் தெரியும் என்பதால் இரண்டாவது நிபந்தனை இங்கே அடிபடுகிறது. பரவாயில்லை, இது ஒத்திகை. 40 நோட்டையும் ஒரே நாளில் வாங்கினால் மட்டும் உங்கள் கதை முடிந்தது. ஒன்றுக்கு மூன்று நிமிடம் என்றாலும் இரண்டு மணி நேரம். மூன்றாம் வாரம் நோட்டுகள் அலமாரிக்குள் போய்விடும். வகுப்பை எட்டு எட்டுப் பேராக ஐந்து குழுவாகப் பிரித்து, திங்கள் ஒரு குழு, செவ்வாய் ஒரு குழு என்று வாங்குங்கள். ஒரு நாளைக்கு எட்டு நோட்டு, 25 நிமிடம். உங்கள் பதில் மூன்று நான்கு வரிக்கு மேல் வேண்டாம். அதில் கடைசி வரி கட்டாயம் ஒரு கேள்வியாக இருக்கட்டும்.

இந்த நோட்டில் சிவப்பு மையே கூடாது. திருத்தத்தைப் பதிலுக்குள் வையுங்கள். பிள்ளை 'எஸ்டர்டே ஐ கோ டு டெம்பிள். மெனி பீப்புள் கம்' என்று எழுதியிருந்தால், நீங்கள் 'ஓ, யு வென்ட் டு த டெம்பிள்! ஹவ் மெனி பீப்புள் கேம்?' என்று எழுதுகிறீர்கள். 'வென்ட்', 'கேம்' இரண்டும் அதன் கண்ணில் படுகின்றன. பதில் சொல்ல அதே 'கேம்' தேவைப்படுகிறது. ஒரு தடவையில் படியாது. நாலைந்து தடவை கடந்தபின் தானாக எழுதும். நடுவில் சொல் கிடைக்காத இடத்தில் தமிழ்ச் சொல்லைத் தமிழ் எழுத்திலேயே போட அனுமதியுங்கள். அந்தச் சொல்லை உங்கள் பதிலில் ஆங்கிலத்தில் எடுத்து எழுதினால் அகராதி வேலையும் அதிலேயே முடிகிறது.

வெளிமாநிலத்துக்குப் போகும் முதல் கடிதத்துக்கு நாலு பீரியட் ஒதுக்குங்கள்.

முதல் பீரியட் படிக்க மட்டும். இணைப்பள்ளி ஆசிரியரிடம் சொல்லி, வகுப்புக்குப் பொதுவாக ஒரு கடிதம் முன்கூட்டியே அனுப்பச் சொல்லுங்கள். அதிலிருந்து எட்டு வாக்கியங்களைப் பெரிய எழுத்தில் எழுதி, பத்துப் பிரதி எடுத்து, வாக்கியம் வாக்கியமாகத் துண்டு போட்டு, நாலு பேர் கொண்ட பத்துக் குழுவுக்கும் கலைத்துக் கொடுத்து வரிசைப்படுத்தச் சொல்லலாம். இதில் ஒரு சின்ன விஷயம் பெரிய வேலை செய்யும்: கத்தரிக்கோலால் வளைந்து நெளிந்து வெட்டினால் பிள்ளைகள் வாக்கியத்தைப் படிக்கவே மாட்டார்கள், ஓரத்தை ஓரத்தோடு பொருத்தி அரை நிமிடத்தில் முடித்துவிடுவார்கள். வரிகளுக்கு நடுவே தாராளமாக இடம் விட்டு, ஸ்கேல் வைத்து நேராகக் கிழியுங்கள். அப்போதுதான் 'பட்', 'சோ', 'ஹி' போன்ற சொற்கள் முந்தைய வாக்கியத்தைக் காட்டிக்கொடுக்கின்றன என்பதை அவர்கள் பிடிப்பார்கள்.

இரண்டாம் பீரியட் பேச்சு. எதைப் பற்றி எழுதலாம் என்பதைத் தமிழிலேயே பேசட்டும். யோசனைக்கும் மொழிக்கும் ஒரே நேரத்தில் சண்டை வேண்டாம். ஒவ்வொருவரும் மூன்று விஷயம் தேர்ந்தெடுத்ததும், தேவைப்படும் ஆங்கிலச் சொற்களைக் கேட்டு வாங்கி 20, 25 சொல் போர்டில் எழுதுங்கள். பெயர்ச்சொல்லும் வினைச்சொல்லும் போதும், முழு வாக்கியம் வேண்டாம். முழுக் கடிதத்தை மாதிரிக்காகப் போர்டில் விட்டுவைத்தால் அதே கடிதம் 40 பிரதியாகத் திரும்பி வரும். அப்பாவின் பெயரைக்கூட மாற்றாமல் எழுதிய பிரதி ஒன்றாவது இருக்கும். மாதிரி காட்டியே ஆக வேண்டுமென்றால், எல்லோரும் சேர்ந்து வாசிக்க வாசிக்க ஒவ்வொரு சொல்லாக அழித்துக்கொண்டே போங்கள். கடைசியில் வெறும் போர்டைப் பார்த்து வாசிப்பார்கள். அதற்குப் பிறகு பேனாவைத் திறக்கச் சொல்லுங்கள்.

மூன்றாம் பீரியட் ரஃப் நோட்டில் வரைவு. எட்டு வாக்கியம்: தன்னைப் பற்றி ஐந்து, எதிராளியிடம் கேள்வி மூன்று. கேள்வி இல்லாத கடிதத்துக்குப் பதில் எழுத எதிர்ப்பக்கத்துப் பிள்ளைக்கு வழி இருக்காது. அதுவும் தன்னைப் பற்றி ஐந்து வரி எழுதி அனுப்பும், போக்குவரத்து அங்கேயே நின்றுவிடும். நாலாம் பீரியட் ஃபேர் காப்பியும் முகவரியும்.

மூன்று கேள்வி கேட்கச் சொன்னதுமே தமிழ்ப் பிள்ளையின் ஆங்கிலத்தில் பெரிய ஓட்டை எது என்று தெரிந்துவிடும். நாம் வாக்கியத்தை அசைக்காமல் கடைசியில் ஓர் 'ஆ' சேர்த்தால் கேள்வி: விளையாடுவே, விளையாடுவியா. அதனால் 'யு ப்ளே கிரிக்கெட்?' என்றும் 'வாட் யு ஈட்?' என்றும் எழுதுவார்கள். ஆங்கிலத்தில் 'டு' முன்னால் வந்து நிற்க வேண்டும் என்பதை விதியாகச் சொன்னால் ஏறாது. 'யு', 'ப்ளே', 'கிரிக்கெட்' என்று மூன்று அட்டையை மூன்று பிள்ளைகள் கையில் கொடுத்து வரிசையாக நிறுத்தி, 'டு' அட்டை வைத்திருப்பவரை வந்து முன்னால் நிற்கச் சொல்லுங்கள். 'வாட்' வந்தால் அது 'டு'வுக்கும் முன்னால். ஐந்து நிமிட வேலை. பிறகு அவரவர் மூன்று கேள்வியை எழுதட்டும்.

இலக்கணத்தைக் கடிதங்களின் வரிசையிலேயே ஏற்றிவிடலாம். முதல் கடிதம் அறிமுகம்: நிகழ்காலமும் 'டு' கேள்வியும். இரண்டாவது, முடிந்துபோன திருவிழா அல்லது விடுமுறை: இறந்தகாலமும் 'டிட்' கேள்வியும். இங்கே 'டிட் யு வென்ட்' என்று எல்லோரும் எழுதுவார்கள். 'டிட்' வந்துவிட்டால் இறந்தகாலத்தை அது தூக்கிக்கொள்ளும், 'வென்ட்' பழையபடி 'கோ' ஆகிவிடும் என்று அப்போது சொன்னால் காதில் விழும், ஏனென்றால் அந்த வாக்கியம் அவர்களுக்கு அன்றைக்கே வேண்டும். மூன்றாவது கடிதம் பரீட்சையும் கோடை விடுமுறையும்: 'கோயிங் டு'. ஒரு கல்வியாண்டில் போக்குவரத்து இதற்கு மேல் தாங்காது. தபால் போக, வர, இரண்டு பக்கத்துப் பரீட்சை, பண்டிகை விடுமுறை எல்லாம் சேர்த்தால் ஒரு சுற்றுக்கு ஆறிலிருந்து எட்டு வாரம் ஓடிவிடும்.

இன்னும் சில பிழைகளுக்குத் தமிழே காரணம். 'என் வீடு கோயில் பக்கத்தில்' என்பது நமக்கு முழு வாக்கியம். அதனால் 'மை ஹவுஸ் நியர் டெம்பிள்' என்று 'இஸ்' இல்லாமல் வரும். 'இஸ்', 'ஆம்' போட வேண்டும் என்று அழுத்திச் சொன்ன மறுநாள் 'ஐ ஆம் கோ' என்று எல்லா இடத்திலும் ஒட்டிக்கொள்ளும். பின்னடைவு என்று பயப்பட வேண்டாம், கற்றுக்கொள்ளும்போது வழியில் வருகிற ஊர்தான் அது. 'அவர்' என்று மரியாதையாகச் சொல்லும்போது ஆண் பெண் வித்தியாசம் தெரியாததால் டீச்சரை 'ஹி' என்று எழுதுவார்கள். 'எ', 'த' இரண்டும் தமிழில் இல்லாத சரக்கு. எட்டாம் வகுப்பில் அவற்றை விரட்டிக்கொண்டு ஓடாதீர்கள். 'ஐ ஆம் வெல் ஹியர். ஐ ஹோப் யு ஆர் வெல் தேர்' என்ற தொடக்கம் 'நலம், நலமறிய ஆவல்' ஆங்கிலச் சட்டை போட்டு வந்தது. பிழை ஒன்றும் இல்லை, இருந்துவிட்டுப் போகட்டும்.

வெளியே போகிற கடிதத்தைத் திருத்தவே கூடாது என்று சிலர் சொல்வார்கள், எனக்கு உடன்பாடில்லை. பிள்ளைக்கே தன் கடிதம் சரியாகப் போக வேண்டும் என்ற ஆசை இருக்கும். ஆனால் அளவு வேண்டும். வரைவில் ஐந்து இடத்துக்கு மேல் கோடு போடாதீர்கள். இந்தக் கடிதத்துக்கு என்று எடுத்துக்கொண்ட இலக்கணம் ஒன்று, படிப்பவருக்கு அர்த்தம் மாறிப்போகும் இடம், இவ்வளவுதான். 'டூ பிரதர்' என்று எழுதினால் புரியும், விட்டுவிடுங்கள். அம்மாவை 'ஹி' என்றால் குழப்பம், கோடு போடுங்கள். சரியான விடையை நீங்கள் எழுதாமல் கோடு மட்டும் போட்டால் பக்கத்துப் பிள்ளையிடம் கேட்டாவது கண்டுபிடிப்பார்கள்.

இந்த முறையில் எனக்கு மிகவும் பிடித்த இடம், மொழிபெயர்க்க முடியாத சொல் வரும்போது. ஆடி மாதத்தில் ஒரு பெண் 'வி ட்ரிங்க் கூழ்' என்று எழுதுகிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அகராதியைப் பார்த்து 'போரிட்ஜ்' என்று மாற்ற வைத்தால் கூழும் போச்சு, ஆங்கிலப் பயிற்சியும் போச்சு. கூழை அப்படியே விட்டு, தெரியாத ஆளுக்கு அதை மூன்று வாக்கியத்தில் விளக்கச் சொல்லுங்கள். எதால் செய்வது: 'இட் இஸ் மேட் ஃப்ரம் ராகி'. எப்போது: 'வி ட்ரிங்க் இட் இன் ஆடி'. எதோடு: 'வி ட்ரிங்க் இட் வித் ஆனியன்ஸ்'. 'மேட் ஃப்ரம்' என்ற ஒரு தொடரைப் பத்துப் பயிற்சித்தாள் செய்து படிப்பதைவிட, கூழ் என்றால் என்ன என்று கேட்காமலே ஒருத்திக்குப் புரியவைக்க வேண்டும் என்ற தேவை சீக்கிரம் படிய வைக்கும். எதிர்ப்பக்கத்திலிருந்து 'புட்டு இஸ் மேட் ஃப்ரம் ரைஸ் ஃப்ளவர்' என்று பதில் வந்தால் அதே தொடர் இன்னொரு தடவை. அரிசிப் பூவா என்று யாராவது கேட்பார்கள்; மாவும் பூவும் ஆங்கிலத்தில் ஒரே உச்சரிப்பு, எழுத்து வேறு என்று சொல்ல நல்ல சந்தர்ப்பம்.

எதில் எழுதி அனுப்புவது? தனித்தனி அஞ்சலட்டை என்றால் ஒன்று 50 பைசா, 40 பேருக்கு 20 ரூபாய். அட்டை 14 செ.மீ. நீளம், 9 செ.மீ. அகலம், பிள்ளைகளின் எழுத்துக்கு எட்டு முதல் பத்து வரி பிடிக்கும். முதல் கடிதத்துக்கு அது போதும். சின்ன இடம் என்பதால் பயமும் குறைவு. இன்லேண்ட் லெட்டர் 2 ரூபாய் 50 காசு, 40 பேருக்கு 100 ரூபாய். இரண்டாம் கடிதத்திலிருந்து அது சரிவரும். சின்னத் தபால் ஆபீஸில் 40 ஒரே நாளில் கையிருப்பு இருக்காது, ஒரு வாரம் முன்னால் சொல்லிவையுங்கள்.

இன்லேண்டைப் பார்த்தே இராத பிள்ளைகள்தான் இன்று அதிகம். வெளிப்பக்கத்தில் கடிதத்தை ஆரம்பிப்பார்கள். பசை ஒட்டும் மடிப்பில் எழுதுவார்கள், பிரிக்கும்போது அந்த வரி கிழிந்துபோகும். உள்ளே ஸ்டிக்கரோ போட்டோவோ வைப்பார்கள், இன்லேண்டுக்குள் எதையும் வைக்கக் கூடாது. முதல்நாள் வெள்ளைத்தாளை அதே மாதிரி மடித்து, எந்தப் பக்கம் உள்ளே, எந்தப் பக்கம் வெளியே என்று ஒத்திகை பார்த்துவிட்டால் பாதிச் சேதம் குறையும். பால்பாயின்ட் பேனா மட்டும். ஜெல் பேனா மழைக்காலத்தில் கரைந்துவிடும்.

முகவரி எழுதுவதை அட்டவணைப் பாடமாக நடத்தாமல் கையோடு நடத்துங்கள். தமிழில் பெரிய எழுத்து சின்ன எழுத்து என்ற பேச்சே கிடையாது. அதனால் ஆங்கிலத்தில் ஊர்ப் பெயரைச் சின்ன எழுத்தில் ஆரம்பிப்பது பத்தாம் வகுப்பு வரை தொடரும். முகவரியில் எல்லா வரியும் பெரிய எழுத்தில் தொடங்குவதால் இதைவிட நல்ல பயிற்சி கிடையாது. மாரியம்மன் கோயில் தெருவில் மாரியம்மனை மொழிபெயர்க்கக் கூடாது, தெருவை மட்டும் 'ஸ்ட்ரீட்' ஆக்கலாம். பின்கோடு ஆறு இலக்கம், 1972 ஆகஸ்ட் 15 முதல் நடைமுறையில் இருப்பது. முதல் எண் 6 என்றால் தமிழ்நாடு, கேரளம் பக்கம் என்று சொன்னால், பாடப்புத்தகத்தில் வரும் முகவரிகளையெல்லாம் அவர்களே சோதித்துப் பார்ப்பார்கள். அனுப்புநர் முகவரி எப்போதும் பள்ளி முகவரிதான். வீட்டு முகவரி, போன் நம்பர், சமூக வலைத்தளப் பெயர் எதுவும் கடிதத்தில் இருக்கக் கூடாது. வருவதையும் போவதையும் நீங்கள் ஒருமுறை பார்த்துவிட வேண்டும்.

நடுவில் கவிழ்கிற இடம் பெரும்பாலும் எண்ணிக்கை. உங்களிடம் 40, அங்கே 33 என்றால் ஏழு பிள்ளைகள் பதில் வராமல் மற்றவர்கள் கடிதம் பிரிப்பதை வேடிக்கை பார்ப்பார்கள். அன்றோடு அந்த ஏழு பேருக்கு இது வெறுத்துப்போகும். முதலிலேயே எண்ணிக்கை கேட்டு, மிச்சம் இருப்பவர்களை இன்னொருவரோடு ஜோடி சேர்த்து, இருவர் பெயரிலும் ஒரே கடிதமாக அனுப்புங்கள். பதில் எழுதும் நாளில் அங்கே விடுப்பில் இருக்கும் பிள்ளைக்காக, அந்த ஆசிரியரே இரண்டு மூன்று கடிதம் உபரியாக எழுதி அனுப்புவது நல்லது. அனுப்பும் தேதிகளை இரண்டு பேரும் ஜூனிலேயே காலண்டரில் குறித்துக்கொள்ளாவிட்டால் அரையாண்டுத் தேர்வுக்குப் பிறகு நூல் அறுந்துவிடும்.

மூன்று சொல் சேர்த்து எழுத முடியாத பிள்ளை எட்டாம் வகுப்பிலும் இருப்பான். அவனுக்குப் படம் வரைந்து பெயர் குறிப்பது, 'ஐ லைக் ...', 'திஸ் இஸ் மை ...' என்ற இரண்டு சட்டகத்தை நிரப்புவது, கடைசியில் ஒரே ஒரு கேள்வி. கேள்வியை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள், பதில் அதற்குத்தான் வரும். கீழ் வகுப்புகளில், மூன்று முதல் ஐந்து வரை, தபால் ஆபீஸே வேண்டாம். செருப்பு டப்பாவில் துளை போட்டுச் சிவப்புத்தாள் ஒட்டி வகுப்புக்குள்ளேயே துண்டுச் சீட்டு அனுப்ப விடலாம்.

இந்திய அஞ்சல் துறையின் 'தாய் ஆகர்' கடிதப் போட்டியும், உலக அஞ்சல் ஒன்றியத்தின் 9 முதல் 15 வயதுக்கான போட்டியும் இருக்கின்றன. நன்றாக எழுதும் நாலைந்து பேருக்குச் சொல்லுங்கள். வகுப்பு முழுவதையும் அதில் இறக்கினால் மறுபடி கைடுக்கே போவார்கள்.

பரீட்சைக் கடிதத்தை என்ன செய்வது? அதற்கு ஜனவரியில் இரண்டு பீரியட் போதும். உண்மைக் கடிதம் எழுதிப் பழகிய கைக்கு அனுப்புநர், பெறுநர், தேதி, பொருள், விளிப்பு, முடிப்பு என்பது சட்டம் மட்டும்தான். பெயர் தெரியாத அதிகாரிக்கு 'டியர் சார்' என்று ஆரம்பித்தால் முடிவில் 'யுவர்ஸ் ஃபெய்த்ஃபுல்லி'. பெயர் சொல்லி ஆரம்பித்தால் 'யுவர்ஸ் சின்சியர்லி'. தலைமையாசிரியருக்கு 'யுவர்ஸ் ஒபீடியன்ட்லி' நம் ஊர் வழக்கம், இருக்கட்டும். 'யுவர்ஸ்' என்பதில் கடைசி 'எஸ்'ஸுக்கு முன்னால் அபாஸ்ட்ரஃபி (மேலே போடும் கொக்கி) கிடையாது. பாதிப் பேர் போடுவார்கள். விடுப்புக் கடிதத்தில் காரணம் வரும் ஒரு வரியைக் காலியாக விட்டு, காய்ச்சல், கல்யாணம், தாத்தா இறந்தது, ஓட்டப்பந்தயப் போட்டி என்று நாலு காரணத்துக்கு நாலு விதமாக நிரப்பச் சொல்லுங்கள். 'சஃபரிங்' எதற்குப் பொருந்தும், எதற்குப் பொருந்தாது என்று அவர்களே சொல்லுவார்கள்.

ஒவ்வொரு கடிதத்தையும் தபாலில் சேர்க்கும் முன் போனில் படம் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள், போன பிறகு உங்களிடம் ஆதாரம் எதுவும் இருக்காது. மார்ச்சில் ஆளுக்கொன்றாக அந்த முதல் அட்டையின் நகலைக் கையில் கொடுத்து, ஒரு பென்சிலும் கொடுங்கள். வரைவில் நீங்கள் கோடு போடாமல் விட்ட 'டூ பிரதர்' எத்தனை பேர் கண்ணில் படுகிறது என்று எண்ணிக்கொள்ளுங்கள்.